புளூ ரிட்ஜ் என்ற தலைமைக் கப்பல் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தது?

கேள்வி இதுதான். ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்தில், மேற்குப் பசிபிக்கைக் கவனிக்கும் அமெரிக்க ஏழாவது கடற்படையின் கொடிக்கப்பலாக, அதாவது தளபதி தங்கி உத்தரவிடும் கப்பலாக, இருக்கும் யு.எஸ்.எஸ். புளூ ரிட்ஜ் பார்க்க விமானந்தாங்கி போலத் தட்டையாக இருக்கிறது. ஆனால் அதில் போர் விமானமும் இல்லை, சொல்லும்படியான பீரங்கியும் இல்லை. 1970-இல் சேவைக்கு வந்த இந்தக் கப்பல் எந்தப் போரில் என்ன செய்தது? இன்னும் ஏன் அதை வைத்திருக்கிறார்கள்?

கடற்கரையில் படை இறக்கும்போது தளபதிகள் உட்கார்ந்து உத்தரவு கொடுப்பதற்காகக் கட்டிய கப்பல் அது. ஆனால் அதன் வரலாற்றில் முக்கியமான தருணங்கள் என்று இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று, கரையிலிருந்து மனிதர்களைக் கடலுக்கு அள்ளிக்கொண்டு வந்தது. இன்னொன்று, கரையில் இறங்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. எத்தனை குண்டு சுட்டது, எந்தக் கப்பலை மூழ்கடித்தது என்று தேடினால் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு பக்கம்கூடத் தேறாது. யார் அதில் ஏறினார்கள், என்ன செய்தி எப்போது வந்தது, என்ன உத்தரவு எங்கே போனது என்று பார்த்தால்தான் அதன் கதை பிடிபடும்.

இப்படி ஒரு கப்பல் தேவைப்பட்டதற்கான காரணம் 1942 நவம்பரில் இருக்கிறது. மொராக்கோ கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கிய நாளில் கடற்படைத் தளபதி ஹியூவிட்டும் தரைப்படைத் தளபதி பேட்டனும் அகஸ்டா என்ற க்ரூஸர் போர்க்கப்பலில் இருந்தார்கள். பேட்டன் கரைக்குப் போக வேண்டிய படகு கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அவருடைய சாமான்கள் அதில் ஏறிவிட்டன. அந்த நேரம் பார்த்து காசாபிளாங்காவிலிருந்து, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் பிரெஞ்சுக் கப்பல்கள் கிளம்பி வந்தன. அகஸ்டா சண்டைக்குத் திரும்பியது. அதன் பின்பக்கப் பீரங்கிகள் வெடித்த அதிர்ச்சியிலேயே படகு சிதறிப்போனது. தந்தப் பிடி போட்ட கைத்துப்பாக்கிகளை மட்டும் அதற்குச் சற்று முன்னால் வெளியே எடுத்திருந்தார்கள். காலையில் கரையேற வேண்டிய பேட்டன் கரையைத் தொட்டபோது மதியம் தாண்டிவிட்டது. தன் படைகள் கரையில் என்ன செய்கின்றன என்றே தெரியாமல், ஒரு கடற்சண்டைக்கு நடுவில் பயணிபோல மாட்டிக்கொண்ட தளபதி அவர்.

சண்டை போடும் கப்பலும் தலைமையகமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ்காரர்கள் அதே நடவடிக்கையில் புலோலோ, லார்க்ஸ் என்ற பழைய பயணிகள் கப்பல்களைத் தலைமையகமாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அமெரிக்கர்களும் சீக்கிரமே அந்த வழிக்கு வந்தார்கள். நார்மண்டியின் ஒமாஹா கரைக்கு ஆங்கன், 1950-இல் கொரியாவின் இன்ச்சான் தரையிறக்கத்துக்கு மவுண்ட் மெக்கின்லி. தலைமைத் தளபதி மக்கார்தர் இன்ச்சான் தாக்குதலைப் பார்த்தது அந்த மெக்கின்லியின் மேல்தளத்தில் உட்கார்ந்துதான்.

ஆனால் இவை பெரும்பாலும் சரக்குக் கப்பல் உடலில் ரேடியோக்களைத் திணித்தவை. மணிக்கு 16 கடல் மைல் ஓடினால் அதிகம். 1960களில் புதிதாக வந்த தரையிறக்கக் கப்பல்கள் 20 கடல் மைல் வேகத்தில் போகக்கூடியவை. படை முன்னால் போக, தலைமையகம் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தால் எப்படி? அதனால்தான் அடிப்பலகையிலிருந்தே தலைமைக் கப்பலாகத் திட்டமிட்டு இரண்டைக் கட்டினார்கள்: புளூ ரிட்ஜ், மவுண்ட் விட்னி. மூன்றாவது ஒன்றும் திட்டத்தில் இருந்தது, அது கைவிடப்பட்டது. அமெரிக்கக் கடற்படையில் இந்த வேலைக்கென்றே பிறந்த கப்பல்கள் இந்த இரண்டும்தான்.

புளூ ரிட்ஜின் கட்டுமானம் 1967 பிப்ரவரியில் பிலடெல்பியா கடற்படைக் கப்பல்தளத்தில் தொடங்கியது. 1969 ஜனவரி 4 அன்று தண்ணீரில் இறக்கப்பட்டு, 1970 நவம்பர் 14 அன்று சேவையில் சேர்ந்தது. நீளம் 193 மீட்டர் அளவில், முழு எடை ஏறத்தாழ 19,000 டன், வேகம் 23 கடல் மைல். உடலின் வடிவமும் இயந்திர அமைப்பும் இவோ ஜிமா வகை ஹெலிகாப்டர் தாங்கிகளிலிருந்து எடுத்துக்கொண்டவை. இரண்டு கொதிகலன், ஒரே ஒரு நீராவி டர்பைன், கப்பலைத் தள்ளும் ஒரே ஒரு சுழலி.

அந்தத் தட்டையான மேல்தளம் விமானத்துக்காக அமைந்ததல்ல, ஆன்டெனாக்களுக்காக அமைந்தது. ஒரு கப்பலில் டஜன் கணக்கில் ஆன்டெனாக்களை நட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று கெடுக்கும். புகைபோக்கி, பாரந்தூக்கி, படகு எல்லாம் நடுவில் நின்று மறைக்கும். அதனால் மேல்தளத்தை முடிந்தவரை துடைத்துவைத்த மாதிரி விட்டுவிட்டு, படகுகளைக் கப்பலின் இரண்டு பக்கமும் வெளியே புடைத்து நிற்கும் மாடங்களுக்குள் தள்ளிவிட்டார்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த படங்களில் அந்தப் படகு மாடங்கள் நன்றாகத் தெரியும். பின்புறம் ஒரு ஹெலிகாப்டர் இறங்க இடம் உண்டு, கொட்டகை கிடையாது. ஆயுதம் என்று பார்த்தால் ஆரம்பத்தில் நான்கு 3 அங்குலப் பீரங்கிகள், அப்புறம் சீ ஸ்பாரோ ஏவுகணைப் பெட்டிகள், 1980களில் பாய்ந்துவரும் ஏவுகணையைச் சுட்டுவீழ்த்தும் இரண்டு ஃபாலங்க்ஸ் துப்பாக்கிகள். பீரங்கியும் ஏவுகணையும் பின்னாளில் கழற்றப்பட்டன. தன்னைக் காத்துக்கொள்ளக்கூட அது அக்கம்பக்கத்துக் கப்பல்களைத்தான் நம்பியிருக்கிறது.

உள்ளே இரண்டு குடித்தனம். கப்பலை ஓட்டும் கேப்டனும் அவருடைய மாலுமிகளும் ஒரு பக்கம். வைஸ் அட்மிரலும் அவருடைய அலுவலர் கூட்டமும் இன்னொரு பக்கம். கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பது கேப்டன் பொறுப்பு, மேற்குப் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் உள்ள மற்ற எல்லாக் கப்பல்களும் எங்கே போகின்றன என்பது அட்மிரல் பொறுப்பு.

1972-இல் முதல்முறையாக மேற்குப் பசிபிக்குக்கு வந்தது. வியட்நாமில் வடக்கு தரப்பு பெரிய தாக்குதல் தொடங்கியிருந்த ஆண்டு அது. ஆனால் புளூ ரிட்ஜின் பெயர் நிலைத்தது மூன்று ஆண்டு கழித்து, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கு தரப்பிடம் விழுந்த இரண்டு நாட்களில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தலைமைக் கப்பல் என்றால் என்ன, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பது முழுவதும் இங்கே தெரியும்.

1975 ஏப்ரல் 29. தென் வியட்நாமின் வுங் டௌ கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல்கள் கூடி நின்றன. கடல் பக்கம் பொறுப்பில் இருந்த ரியர் அட்மிரல் விட்மயரும், கடலிலிருந்து கரையில் இறங்கிப் போரிடும் மரைன் படைப்பிரிவின் தலைவர் ஜெனரல் கேரியும் புளூ ரிட்ஜில் இருந்தார்கள். சைகோனிலிருந்து ஹெலிகாப்டரில் ஆட்களை வெளியேற்றும் நடவடிக்கையைத் தொடங்கச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது காலை 10:51-க்கு. உத்தரவு கேரியின் கைக்கு வந்து சேர்ந்தது 12:15-க்கு. அந்தக் காலத்தின் மிக நவீனமான தொடர்பு வசதிகள் இருந்த கப்பலில், ஒரு நகரம் விழுந்துகொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரத்துக்கும் மேல் உத்தரவு நடுவழியில் கிடந்தது. முதல் ஹெலிகாப்டர்கள் சைகோனில் இறங்கியபோது மணி மூன்று தாண்டியிருந்தது. பகல் வெளிச்சத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை இரவு முழுவதும் நீண்டதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஆயிரக்கணக்கானவர்கள். தூதர் கிரஹாம் மார்ட்டின் கிளம்ப மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் கிளம்பிவிட்டால் வியட்நாமியர்களை ஏற்றுவது நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அதிபர் ஃபோர்டின் உத்தரவு வந்தது: இனி அமெரிக்கர்கள் மட்டும், தூதர் உடனே ஏற வேண்டும். லேடி ஏஸ் 09 என்ற அழைப்புப் பெயர் கொண்ட ஹெலிகாப்டர், தூதரை ஏற்றாமல் கூரையை விட்டு எழாது என்ற நிலையில் போய் இறங்கியது. விடிகாலை 4:58-க்கு மார்ட்டினை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அவரைப் புளூ ரிட்ஜில் கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும் இடம். தூதர் வெளியேறிவிட்டார் என்பதற்கு விமானி சொன்ன சங்கேதம், புலி வெளியே வந்துவிட்டது என்பது. வானில் இருந்த மற்ற ஹெலிகாப்டர் குழுவினர் அதைக் கேட்டு நடவடிக்கையே முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். தூதரகக் கூரையில் காவலுக்கு நின்ற மரைன்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். கீழே கட்டிடத்துக்குள் கூட்டம் நுழைந்துவிட்டது. விடிந்து வெகுநேரம் கழித்து, 7:53-க்குத்தான் கடைசி 11 மரைன்களை ஏற்றிய ஹெலிகாப்டர் எழுந்தது. முற்றத்தில் முறைவரிசையில் உட்கார்ந்து, தங்கள் முறை வரும் என்ற வாக்கை நம்பிக் காத்திருந்த ஏறத்தாழ 400 பேர் விடப்பட்டார்கள். அந்த இரண்டு நாளில் ஹெலிகாப்டரில் வெளியேறியவர்கள் சுமார் 7,000. அந்த எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த 400-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே நேரத்தில் கடலில் வேறொரு குழப்பம். தென் வியட்நாம் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள், யாரும் அழைக்காமல், குடும்பத்தையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கப்பல்களைத் தேடி வந்தன. எரிபொருள் தீரும் நிலை. புளூ ரிட்ஜில் ஒரே ஒரு ஹெலிகாப்டருக்குத்தான் இடம். ஒன்று இறங்கினால் ஆட்களை இறக்கிவிட்டு, மாலுமிகள் தோள் கொடுத்து அதைக் கடலில் தள்ளினார்கள். இடம் கிடைக்காத விமானிகளை, ஆட்களை இறக்கிவிட்டுப் பக்கத்துத் தண்ணீரில் விழச் சொன்னார்கள். அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார்கள், படகுகள் போய்த் தூக்கிவந்தன. தரையிறக்கத்தை நடத்துவதற்காகப் பக்க மாடங்களில் வைத்திருந்த படகுகள் அன்று செய்த வேலை இதுதான்.

இதன் தொடர்ச்சி பல ஆண்டுகள் நீண்டது. தென் சீனக் கடலில் சின்னப் படகுகளில் தப்பிவந்த வியட்நாமியரை 1980களில் புளூ ரிட்ஜ் மீட்டது. 1984-இல் அதற்காக மனிதாபிமானச் சேவைப் பதக்கமும் பெற்றது.

1979 அக்டோபரில் கப்பலின் வேலையே மாறியது. ஏழாவது கடற்படையின் கொடிக்கப்பலாக இருந்த ஒக்லஹோமா சிட்டி என்ற பழைய க்ரூஸர் ஓய்வுபெறும் நேரம். அதன் இடத்தில் புளூ ரிட்ஜ் யோகோசுகாவுக்கு வந்தது. ஏழாவது கடற்படை என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு 1971-இல் பங்களாதேஷ் போரின்போது என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கி வங்காள விரிகுடாவுக்கு வந்தது நினைவுக்கு வரும். அப்போது கொடிக்கப்பல் அந்த ஒக்லஹோமா சிட்டிதான், புளூ ரிட்ஜ் அல்ல. ஆக, தரையிறக்கத் தலைமைக் கப்பல் என்று பெயரில் இருந்தாலும், அதன் வாழ்நாளின் பெரும்பகுதி முழுக் கடற்படையின் அலுவலகமாகவே கழிந்திருக்கிறது.

அந்த அலுவலகம் போரைச் சந்தித்தது 1990-இல். சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததும் ஏழாவது கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் மாஸ் வளைகுடாவில் உள்ள அமெரிக்கக் கடற்படை முழுவதற்கும் பொறுப்பேற்றார். புளூ ரிட்ஜ் யோகோசுகாவை விட்டுக் கிளம்பி ஒன்பது மாதத்துக்கு மேல் வெளியே இருந்தது. தரைப்படையும் விமானப்படையும் ரியாத்தில் அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி ஷ்வார்ஸ்காஃபின் தலைமையகத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க, மாஸ் தன் கப்பலிலேயே இருந்தார். கடற்படை மரபுக்கு அது சரி. ஆனால் ரியாத்தில் அன்றாடம் முடிவெடுக்கும் மேசையில் கடற்படையின் மூத்த குரல் இல்லாமல் போனது என்று பின்னால் விமர்சனம் வந்தது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. தொடர்புச் சிக்கல்களும் இருந்தன. தினமும் நூற்றுக்கணக்கான பக்கம் வரும் விமானத் தாக்குதல் பட்டியலை விமானந்தாங்கிகள் மின்னணு வழியில் வாங்க முடியாமல், விமானத்தில் ஆள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1990 டிசம்பரில் மாஸின் இடத்துக்கு வைஸ் அட்மிரல் ஸ்டான்லி ஆர்தர் வந்தார். 1991 பிப்ரவரி 2 அன்று ஷ்வார்ஸ்காஃபே புளூ ரிட்ஜுக்கு வந்தார். மரைன் தளபதி பூமரும் இருந்தார். பேச்சு ஒரே விஷயம் பற்றி: குவைத்தின் அஷ் ஷுஐபா பகுதியில் கடலிலிருந்து படை இறக்கலாமா? கப்பல்களில் சுமார் 17,000 மரைன்கள் தயாராகக் காத்திருந்தார்கள். கரைக்கு முன்னால் ஈராக் ஆயிரத்துக்கும் மேல் கடற்கண்ணிகளைப் போட்டிருந்தது. அவற்றை அகற்ற நாட்கள் ஆகும். கரையோரத்தைக் குண்டு போட்டுத் தயார்ப்படுத்தினால், யாரை மீட்கப் போகிறார்களோ அவர்களுடைய எரிவாயு ஆலையும் துறைமுகமும்தான் நொறுங்கும். உங்களுக்கு இந்தத் தரையிறக்கம் அவசியமா என்று ஷ்வார்ஸ்காஃப் பூமரைக் கேட்டார். அவசியமில்லை, ஆனால் மிரட்டல் தொடர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். தரையிறக்கம் பாசாங்கு ஆனது. ஈராக் தன் பல டிவிஷன்களைக் கடலைப் பார்த்தபடி நிறுத்தியே வைத்திருந்தது. தாக்குதல் மேற்கிலிருந்து வந்தது.

பிப்ரவரி 18 அன்று, இந்தப் பாசாங்குக்காகவே கண்ணி அகற்றப் போன இடத்தில், ட்ரிப்போலி என்ற ஹெலிகாப்டர் தாங்கியும் பிரின்ஸ்டன் என்ற க்ரூஸரும் சில மணி நேர இடைவெளியில் கண்ணியில் அடிபட்டன. ஆட்கள் நிறைந்த படகுகள் அந்தத் தண்ணீரில் வரிசையாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பிப்ரவரி 2 அன்று நடந்த அந்த ஆலோசனையின் மதிப்பு விளங்கும்.

தங்கைக் கப்பல் மவுண்ட் விட்னிக்கும் இதே மாதிரி ஒரு நாள் வந்தது. 1994 செப்டம்பரில் ஹெய்ட்டிக்குள் நுழையும் படைகளின் தலைமை அதில் இருந்தது. கடைசி நேரத்தில் ஜிம்மி கார்ட்டர் பேசி முடித்த உடன்பாட்டால், சண்டையில்லாமல் படைகள் இறங்கின. 2011 மார்ச்சில் லிபியா மீதான தாக்குதல் அதிலிருந்து நடத்தப்பட்டது. அதே மாதம் புளூ ரிட்ஜ் நேர் எதிரான வேலையில் இருந்தது. மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது கப்பல் சிங்கப்பூரில் நின்றிருந்தது. மாலுமிகள் நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு மறுநாளே வடக்கே திரும்பினார்கள். பலருடைய குடும்பமும் யோகோசுகாவில்தான் இருந்தது.

போர் இல்லாத ஆண்டுகளில் இந்தக் கப்பலின் முக்கிய வேலை துறைமுகம் துறைமுகமாகப் போவது. அது வெறும் ஊர்சுற்றல் இல்லை. அட்மிரல் ஒருவர் தன் அலுவலகத்தோடு வந்து இறங்குவது அரசியல். 1989 மே 19 அன்று அது ஷாங்காய்க்குள் நுழைந்தபோது தெருக்களில் மாணவர் போராட்டம். மறுநாள் பெய்ஜிங்கில் இராணுவச் சட்டம். 2016 மார்ச்சில் கொழும்புக்கு வந்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இலங்கைக்கு வந்த முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அதுவாக இருந்தது. மகிந்த ராஜபக்ச ஆட்சி போய் ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில் அந்த வருகைக்கு அர்த்தம் இருந்தது.

இதே துறைமுகப் பயணங்கள் வழியாகத்தான் இந்தக் கப்பலின் பெயருக்குப் பெரிய கறையும் வந்தது. ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் இழுவைப் படகு, குடிநீர், கழிவுநீர் அகற்றல், பாதுகாப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஒப்பந்தக்காரர் வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த லியோனார்ட் பிரான்சிஸ் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். ஏழாவது கடற்படையின் அலுவலர்களில் பலருக்கு விருந்தும் பணமும் பெண்களும் கொடுத்து, கப்பல்கள் எங்கே எப்போது போகும் என்ற ரகசியப் பட்டியலை வாங்கி, தனக்கு இலாபமான துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார். 2013-இல் கைதானார், 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022-இல் வீட்டுக்காவலிலிருந்து தப்பி வெனிசுவேலாவில் பிடிபட்டார், 2024-இல் 15 ஆண்டு சிறை. அரசு வழக்கறிஞர்கள் செய்த தவறுகளால் சில அதிகாரிகள் மீதான தீர்ப்புகள் பின்னர் ரத்தாகின. ஒரு கடற்படையின் நடமாட்டம் முழுவதும் தெரிந்த அலுவலகம் விலைபோனால் எதிரிக்கு ஏவுகணை எதற்கு? கொடிக்கப்பலின் வரலாற்றில் இதை ஓரத்தில் ஒதுக்கி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்ற பாதிக்கு வருகிறேன். 2014 ஆகஸ்டில் டென்வர் என்ற கப்பல் ஓய்வுபெற்றதும், களத்துக்குப் போகும் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் மூத்தது புளூ ரிட்ஜ் ஆனது. சிவப்பு வெள்ளைப் பட்டைகளின் மேல் பாம்பு ஊர்ந்து, என்னை மிதிக்காதே என்ற வாசகத்தோடு இருக்கும் பழைய கொடியை முகப்பில் ஏற்றும் உரிமை மூத்த கப்பலுக்கு உரியது. 2016-க்குப் பிறகு அது நீண்ட பழுதுபார்ப்புக்குப் போய் 2019-இல்தான் மறுபடி கடலுக்கு வந்தது. 2039 வரை ஓட்டுவது என்று 2010களில் ஒரு திட்டமும் வெளியானது.

காரணம் எளிது. இந்தக் கப்பலில் சீக்கிரம் பழசாவது கணினியும் ரேடியோவும்தான். அவற்றைக் கழற்றிப் புதிதை வைக்கத் தேவையான இடமும் மின்சாரமும் முதல் நாளிலிருந்தே தாராளமாக இருந்தன. உடலுக்குச் சண்டைக் காயம் இல்லை, பெரும்பாலும் ஒரே துறைமுகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. தொல்லை கொடுப்பது அடித்தளத்தில் உள்ள கொதிகலன்கள். நீராவி இயந்திரம் ஓட்டத் தெரிந்த மாலுமிகள் கடற்படையிலேயே குறைந்துவிட்டார்கள். உதிரி பாகங்கள் கடையில் கிடைப்பதில்லை, பலவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாகப் புதுத் தலைமைக் கப்பல் கட்டலாம் என்ற பேச்சு அவ்வப்போது வந்து செலவைப் பார்த்து அடங்கிவிடுகிறது. அட்மிரலைக் கரையில் ஒரு கட்டிடத்தில் உட்கார வைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள், செயற்கைக்கோள் காலத்தில் அது முடியாததும் இல்லை. ஆனால் வேறு நாட்டு மண்ணில் இருக்கும் கட்டிடத்துக்கு அந்த நாட்டின் சம்மதம் வேண்டும், அதை ஏவுகணை குறிவைப்பதும் சுலபம். கப்பலை நகர்த்திவிடலாம்.